ஒரு சாண் தள்ளிப் போட்ட ஓட்டை

அன்று அங்கே இருந்தது மூன்று பேர். ராயப்பேட்டை பைக் பட்டறையின் முதலாளி பாய், கொட்டிவாக்கத்திலிருந்து பைக்கோடு வந்திருந்த ஒரு மீன்காரம்மாவின் மகன், மெக்கானிக்கான நான். பழியைத் தள்ளிவிட நான்காவது ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பைக் பந்தயத்தில் நன்றாக ஓட்டினால் ஒரு ரேஸ் டீமில் சேர்த்துக்கொள்வதாக அவனிடம் சொல்லியிருந்தார்கள்.

டூ-ஸ்ட்ரோக் வண்டி. கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளையான ஜெட்டை மாற்றி மாற்றிப் போட்டு வேகத்தைக் கூட்டுவது என் வேலை. பெட்ரோலைக் குறைத்தால் வேகம் கூடும், சூடும் கூடும். அளவு தாண்டினால் பிஸ்டன் உருகி சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். அதனால் சைலன்சர் பைப்பில் ஓட்டை போட்டு, புகையின் சூட்டைக் காட்டும் மீட்டரைச் செருகுவோம். இன்ஜின் வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி ஓட்டை. அங்கே அறுநூற்றிருபது டிகிரி வரை பயமில்லை. எங்கள் பட்டறைக் கணக்கு அது.

"புது பைப்பு மச்சி. முன்னாடி ஓட்டை போட்டா அசிங்கமா கீது. பின்னாடி தள்ளிப் போடேன்," என்றான் அவன்.

ஒரு சாண் தள்ளிப் போட்டேன். அவ்வளவு தூரம் வருவதற்குள் புகை ஆறிவிடும், மீட்டர் குறைத்துக் காட்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாரம் மட்டும் மூன்று வண்டிகளை, இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று நிறுத்தி வைத்து, பாயிடம் திட்டு வாங்கியிருந்தேன்.

"இன்னா நைனா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? மீட்டரே பயப்படல, உனக்கு இன்னா?" என்றார் பாய்.

"ஒண்ணும் இல்ல பாய்."

அவன் ஒரு சுற்று ஓட்டி வந்தான். ஐந்நூற்று நாற்பது. சின்ன ஜெட் போட்டேன். ஐந்நூற்று எண்பது. அதைவிடச் சின்னது. அறுநூற்றுப் பத்து. எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். கண்ணுக்கு முன்னால் ஒரு எண் எரிந்தால் அதோடு வாதாட வராது. இன்னும் பத்து டிகிரி இருக்கிறதே என்று நட்டை இறுக்கினேன்.

"பறக்குது மச்சி!" என்று கிளம்பினான்.

அரை மணியில் அவனிடமிருந்து போன் வந்தது. அடையாறு பாலம் தாண்டியதும் பின்சக்கரம் அப்படியே நின்று, அவனை இழுத்துப் போட்டிருக்கிறது.

"வண்டி புடிச்சுக்கிச்சு. முட்டி பேந்துட்சு, அது பரவால்ல. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆவுமா?"

ஆகவில்லை. சிலிண்டரே கீறியிருந்தது. டீமில் வேறொருவனை எடுத்துக்கொண்டார்கள்.

"நான்தான பின்னாடி போடச் சொன்னேன்," என்றான், என்னைப் பார்க்காமல். தெரிந்தவன் நான் அல்லவா வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிஸ்டனும், சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போரிங்கும் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு. பாய் தன் கையிலிருந்து போட்டார். வாரம் ஐந்நூறாக என் சம்பளத்தில் கழிக்கிறேன்.

இன்னும் மூவாயிரத்து ஐந்நூறு பாக்கி.