திருப்பிப் போட்ட நாற்காலி

தன் மண்டை உடைந்த கதையைக் கத்தரி சொல்ல ஆரம்பித்தால் கடையில் சிரிப்பு அடங்க வெகுநேரமாகும். கத்தரி என்பது தெருக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர். முடிவெட்டும் கடைக்காரருக்கு வேறென்னதான் வைப்பார்கள்!

“கண்ணாடியில பாக்குறேன், வாசல்ல ஒருத்தன் நிக்கிறான். ‘உக்காருங்க, அடுத்து நீங்கதான்’னேன். அடுத்து நான்தான்னு அவன் முடிவு பண்ணிட்டான். கம்பியால ஒரே போடு! அடுத்தவன் தலைய வெச்சுப் பொழைக்கிறவனுக்குத் தலையிலயே வெச்சான் பாருங்க!”

அடித்தவன் கல்லாவைச் சுருட்டிக்கொண்டு ஓடினான், மாட்டினான், இப்போது சிறையில் இருந்தான். அவன் வீடு கடைக்குப் பின்தெருவில்தான். அந்த அடிக்குப் பிறகு கத்தரி நாற்காலியைத் திருப்பி வாசலைப் பார்க்கப் போட்டுவிட்டார். “கண்ணாடிக்கு முதுகக் காட்டிட்டா முடி வெட்டிக்கிறது?” என்று வாடிக்கையாக வரும் பஸ் டிரைவர் கேட்டதற்கு, “இப்ப இதுதாங்க ஃபேஷன்” என்று கூசாமல் அளந்தார்.

ஒருநாள் பெண் போலீஸ் ஒருத்தி கடைக்கு வந்தாள். “அண்ணே, அவன் ஜாமீன் கேட்டிருக்கான். விடலாமா வேண்டாமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி உங்களையும் கேக்கணும். அது உங்க உரிமை.”

“என்னையா? கேஸு அரசாங்கத்துக்கும் அவனுக்கும்தானேம்மா? நான் சும்மா மண்டைய மட்டும்தானே குடுத்தேன்!”

“அந்த மண்டைக்கும் பேச உரிமை இருக்குண்ணே. நாளைக்குக் கோர்ட்டுக்கு வந்துடுங்க.”

வீட்டில் மனைவி முன்கூட்டியே எச்சரித்தாள். “அங்க போயும் கோமாளித்தனம் பண்ணாதீங்க. ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுத் தாழ்ப்பாளப் பாக்குறது எனக்குத்தான் தெரியும்.”

கேட்டால்தானே! நீதிபதி “சொல்லுங்க” என்றதும் கத்தரிக்குப் பயம் வந்துவிட்டது. பயந்தால் அவர் வாய் தானாக ஓடும். கண்ணாடி, ‘அடுத்து நீங்கதான்’, ஒரே போடு, எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. கோர்ட்டே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

அடித்தவனின் வக்கீல் சட்டென்று எழுந்தார். “பாதிக்கப்பட்டவரே சிரிக்கிறாருங்க ஐயா. இதுல பயம் எங்க இருக்கு?”

கத்தரி வாயைப் பொத்திக்கொண்டார். பாழாய்ப்போன வாய்! தானே கதவைத் திறந்து அவனை வெளியே அனுப்பிவிட்ட மாதிரி ஆகிவிட்டதே! நீதிபதி பேனாவை எடுத்தார்.

“நாற்காலியச் சொல்லுங்க!” கூட வந்திருந்த மனைவி பின்னாலிருந்து கத்தினாள். யாரோ அவளை அதட்டினார்கள்.

“என்ன நாற்காலி?” என்றார் நீதிபதி.

கத்தரி வாயிலிருந்து கையை எடுத்தார். “கண்ணாடிய நம்ப முடியலைங்க. அன்னிக்கு அதுல அவனப் பாத்தேன், பாத்துட்டும் குனிஞ்சு வெட்டிட்டிருந்தேன். அதான் நாற்காலிய வாசலப் பாத்துத் திருப்பிட்டேன். இப்ப கண்ணு வாசல்ல இருக்கு, கத்தரி யாரு காதுகிட்டயோ இருக்கு. யாராவது படியேறினா கை நடுங்குது. எப்படி இருக்கேன்னு யாரும் கேட்டுடக் கூடாதுன்னுதான் சிரிக்க வெக்கிறேன். அவன் பின்தெருவுக்கு வந்துட்டா நான் கடையத் தொறக்க மாட்டேங்க.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வழக்கு முடியும்வரை அவனை விட முடியாது என்றார் நீதிபதி. மறுபடி ஜாமீன் கேட்டால் இவருக்கும் தகவல் சொல்லி இவரையும் கேட்டாக வேண்டும் என்றார். வெளியே வந்ததும் கத்தரி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

மறுநாள் காலையில் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். முதல் ஆளாக பஸ் டிரைவர் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியையே கொஞ்ச நேரம் முறைத்தார்.

“அடிபட்ட மனுஷன், மனசு நோகக் கூடாதுன்னு இத்தன நாளா வாய மூடிட்டிருந்தேன். இங்க பாருங்க! ஒரு கிருதா காதுக்கு மேல, இன்னொண்ணு தாடையில!”

கத்தரி பார்த்தார். அநியாயம்தான். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“பாதிக்கப்பட்டவரு நீங்க. உங்களுக்கும் பேச உரிமை இருக்கு. சொல்லுங்க.”