பண்டார எழுதிய கடிதங்கள்

சென்ற வாரம் கண்டியில் ஒரு பெரிய கடையில் சாமான் வாங்கினேன். காசு வாங்கும் பெண் சவர்க்காரத்தையும் தேயிலையையும் ஒரே பையில் போட்டுவிட்டாள். வீட்டில் தேநீர் ஊற்றினால் சவர்க்கார வாசம். மருமகள் முகத்தைச் சுளித்துக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். நான் குடித்து முடித்தேன். எனக்கு அது பழகிய வாசம்.

யுத்த காலத்தில், நான் லிகிதராக இருந்த அலுவலகத்தில், வடக்கில் நிற்கும் சிப்பாய்களுக்கு மாதம் ஒருமுறை பார்சல் கட்டுவோம். பிஸ்கட், தேயிலை, சவர்க்காரம், கூடவே ஒரு கடிதம். "யார் எழுதுறது?" என்று பார்சல் பொறுப்பிலிருந்த சோமா மிஸ் கேட்டபோது முதலில் கை தூக்கியவன் நான். என் சிங்கள எழுத்து அச்சுப் போல இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆனால் கையைத் தூக்க வைத்தது பயம். நாளுக்கு நாலு தடவை அடையாள அட்டையைக் காட்டித் திரிந்த தமிழன் நான். சிப்பாய்களுக்குக் கடிதம் எழுதுகிறவன் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

பெயர் போடும் இடத்தில் பேனா நின்றது. பார்சல் கட்டிக்கொண்டிருந்த பியோன் முனியாண்டி, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக்காரர், மெதுவாகச் சிரித்தார்.

"ஒங்க பேரப் போட்டீங்கன்னா, பிஸ்கட்ட நாய்க்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் திம்பானுங்க சார்."

'பண்டார' என்று ஒரு சிங்களப் பெயரை எழுதி ஒட்டிவிட்டேன். எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஒருவன் பதில் போட்டான். கண்டிக்குப் பக்கத்துக் கலகெதரக்காரன், பெயர் நிமல். சிங்களத்தில் ஐயா என்று மரியாதையாக விளித்து, 'மஹத்தயா, உங்கள் தேயிலையால் வயிற்றுக்குள்ளேயும் குளித்துவிட்டேன்' என்று எழுதியிருந்தான். தபாலைப் பிரித்துக் கொடுப்பது முனியாண்டி என்பதால், பண்டாரவுக்கு வந்த கடிதமெல்லாம் ஓசையில்லாமல் என் மேசைக்கு வந்தது. இரண்டு வருடம் அப்படி ஓடியது. நிமலுக்கு அப்பா இல்லை. காவல் அரணில் தூக்கம் வராததையும், ஊரில் பெண் பேசியிருப்பதையும் எழுதுவான். நான் புத்தி சொல்வேன். அவனுக்கு எழுதும்போது எனக்குப் பயம் இருந்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு நாள் காலை அவனே கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றான். சாதாரண உடுப்புதான், தலைமயிர் வெட்டு காட்டிக்கொடுத்தது. கையில் யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி, சின்ன ஓலைக் குட்டானில். சிங்களத்தில் பேசினான்.

"பண்டார மஹத்தயாவப் பாக்கணும். நிமல் வந்திருக்கேன்னு சொல்லுங்க. வியாழக்கிழம எனக்குக் கல்யாணப் பதிவு. எங்கப்பா எடத்துல நின்னு அவருதான் சாட்சிக் கையெழுத்து வைக்கணும்."

"அவர் மாத்தறைக்கு மாற்றலாகிப் போயிட்டாரே" என்றேன்.

"எனக்கு ஒரு வரி எழுதலயே!" முகம் சுருங்கிவிட்டது. "விலாசமாவது எழுதித் தாங்க."

இல்லாத விலாசம் ஒன்றை எழுதி நீட்டினேன். நீட்டிய பிறகுதான் என் முட்டாள்தனம் புரிந்தது. இரண்டு வருடமாக அவன் வாசித்த அதே எழுத்து. தாளை வெகுநேரம் பார்த்தான். பிறகு மேசையில் இருந்த என் பெயர்ப்பலகையைப் பார்த்தான். குட்டானைக் கவுண்டரில் வைத்தான்.

"பண்டார மஹத்தயாவக் கண்டா இதக் குடுங்க. பத்து மணிக்குப் பதிவு. எந்தப் பேருல கையெழுத்து வச்சாலும் எனக்குச் சரின்னு சொல்லுங்க."

அவன் போனதும் முனியாண்டி பக்கத்தில் வந்தார். "போங்க சார். பயமாருந்தா நானும் கூட வர்றேன்."

வியாழக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு பஸ் நிலையம் வரை போனேன். கல்யாண வீட்டில் அவனுடைய முகாம்காரர்கள் இருப்பார்கள், அப்பா இடத்தில் ஒரு தமிழனா என்று கேட்பார்கள் என்று தோன்றியது. கலகெதர பஸ் இரண்டைப் போகவிட்டு, அலுவலகத்துக்குத் திரும்பினேன். முனியாண்டி என் சட்டையைப் பார்த்தார்.

அதன்பிறகு அவனிடமிருந்து கடிதம் இல்லை. நானும் எழுதவில்லை. இருந்த கடிதங்களையும், இராணுவம் வீடு வீடாகத் தேடுதல் நடத்திய ஒரு நாளில், பயந்து அடுப்பில் போட்டேன். விலாசமும் அதோடு போனது.

பார்சல் கட்டிய மண்டபத்தை இப்போது தடுத்துக் கணினி வைத்திருக்கிறார்கள். சோதனைச் சாவடிகள் இல்லை. முனியாண்டி இல்லை. நிமல் யுத்தத்திலிருந்து திரும்பினானா என்பது தெரியாது. அந்த வியாழக்கிழமை அவனுடைய அப்பா இடத்தில் யார் நின்றார்கள் என்பதும் தெரியாது.