மேப்பில் இருக்க விரும்பாத சுக்குக் கடை

உள்ளூர்க் கடைகளை மேப்பில் ஏற்றி, ஆன்லைன் விளம்பரம் பிடிப்பது என் வேலை. சேர்ந்து பதினெட்டு நாள் ஆகிறது, ஒரு கடைகூட மாட்டவில்லை.

இன்று மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மொத்த வியாபாரி என்னை உட்காரவைத்து சாயா வரவழைத்தார். என்னால்தான் உட்கார முடியவில்லை. காலையிலிருந்து மேனேஜர் மூன்று முறை "என்னாச்சு?" என்று கேட்டுவிட்டார்.

"மோளே, யாரோ டூரிஸ்ட் நம்ம கடைய மேப்புல போட்டுட்டான். தெனம் படம் புடிக்க ஆளு வருது, லோடு எறக்க வழியில்ல. அத எடுத்துத் தா, காசு தர்றேன்."

"சேட்டா, நாங்க சேக்கத்தான் செய்வோம்."

"அப்ப ஊருக்கு அந்தக் கோடியில, காக்கநாட்டுல கொண்டுபோய்ச் சேத்துடு."

இதுதான் என் முதல் ஆர்டர். மேனேஜர் மறுபடி அழைக்கிறார்.

காக்கநாட்டு நண்பர்களே, உங்கள் தெருவில் ஒரு சுக்குக் கடைக்கு இடம் இருக்குமா?