குசினி யன்னலில் நாலு கோடு

வாயைத் திறந்தபடி உறைந்துபோன என் முகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மெல்பேர்னில் பதினொரு பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். ஒரு கண் பாதி மூடி, கை அந்தரத்தில் நிற்க, முன்பற்கள் அத்தனையும் தெரிய... அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப் ஸ்டிக்கராகவும் ஆக்கிவிட்டார்களாம். யாருக்காவது 'பொறு' என்று சொல்லவேண்டுமானால் இப்போது என் முகத்தைத்தான் அனுப்புகிறார்களாம்.

சிரியுங்கள். நானும் சிரித்தேன் – மறுநாள் காலையில் அந்த மெசேஜ் வரும்வரை.

விஷயம் இதுதான். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கத் தெரியாமல் இந்த வருடம் ஒரு தமிழ் வகுப்பை ஏற்றுக்கொண்டேன். சனிக்கிழமை காலை பத்து மணி. வல்வெட்டித்துறையில் எங்கள் வீட்டு மேசை, ஒரு பழைய லப்டொப். அந்தப் பக்கம் மெல்பேர்னில் மத்தியானம் இரண்டரை மணி, பதினொரு பிள்ளைகள். ஒழுங்கு செய்தவர் சபேசன். எங்கள் தெருவில், இதே ஒழுங்கையில் பிறந்து, என்னிடமே படித்து, பிறகு அவுஸ்திரேலியா போனவர். அவருடைய மகள் ஆரணிக்கு ஒன்பது வயது. அவளும் வகுப்பில் இருக்கிறாள்.

சபேசனின் மெசேஜ் இப்படி இருந்தது: "ரீச்சர், குறை நினைக்க வேண்டாம். கடைசி ரெண்டு கிழமையும் வகுப்பு பாதியிலை நிண்டிட்டுது. மற்றப் பெற்றார் கதைக்கினம். உங்கை நெட் சரிவராது போலை. கொழும்பிலை ஒரு ரீச்சர் இருக்கிறா. வாற சனி ஒருக்காப் பாப்பம். அதுவும் சரிவராட்டி அவவிட்டைக் குடுப்பம்."

உங்கை சரிவராது! எங்கள் ஊரைப் பற்றி இதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்? மின்சாரமே இல்லாத வருடங்களில், ஜாம் போத்தல் விளக்கில் விடைத்தாள் திருத்தியவள் நான். அப்போதும் வெளியில் இருந்தவர்கள் அதைத்தான் சொன்னார்கள். அந்த விளக்கில் நான் திருத்திய விடைத்தாள்களில் ஒன்றை எழுதியவர்தான் இப்போது மெல்பேர்னில் இருந்து எனக்கு மெசேஜ் போடுகிறார்.

கொழும்பு ரீச்சர் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. நன்றாகவே படிப்பிப்பார். என் கவலை ஆரணி. வீட்டில் தமிழ் கேட்டு விளங்கிக்கொள்வாள். ஆனால் பதில் எல்லாம் இங்கிலிஷ்தான். வகுப்புக்கு வந்து ஒரு மாதமாக வாயே திறக்கவில்லை. நான் உறைந்துபோன அந்தச் சனிக்கிழமை முதல் தடவையாகத் தானாகவே தொடங்கினாள். "எங்கடை வீட்டிலை ஒரு பூனை..."

அவ்வளவுதான். போய்விட்டது. பூனைக்கு என்ன நடந்தது? இருக்கிறதா, செத்துவிட்டதா, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டதா? அன்று முழுக்க அந்தப் பூனைதான் என் தலைக்குள் ஓடியது. திரும்ப ஒரு ஆளிடம் முதலில் இருந்து தொடங்க அந்தப் பிள்ளைக்கு இன்னும் எத்தனை மாதம் வேண்டும்?

என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இஞ்சேரும், விடுமன். உமக்கு ஏன் உந்தக் கரைச்சல்?" என்றார்.

"விடமாட்டன்" என்றேன்.

அந்த இரண்டில் முதல் சனி நின்றது என் பிழை என்பதை ஒப்புக்கொள்கிறேன். லப்டொப்பில் செருகும் டொங்கிள் ஒன்றும், அதற்கு ஒரு பெரிய ப்ரீபெய்ட் பக்கேஜும் வாங்கியிருந்தேன். பெட்டியில் இருந்த எண்ணைப் பார்த்து மயங்கிவிட்டேன். அதில் பாதிக்கு மேல் நள்ளிரவுக்குப் பிறகுதான் பாவிக்கலாம் என்பது பொடி எழுத்தில் இருந்தது. ஒன்பது மணிக்குக் கொட்டாவி விடுகிற மனுசிக்கு இரவு டேட்டா எதற்கு? ஆந்தைக்கு விற்கவேண்டியதை எனக்கு விற்றுவிட்டார்கள். மிச்சம் இருந்த பகல் பங்கையும் இவர் கிரிக்கெட் பார்த்தே முடித்துவிட்டார்.

இரண்டாவது சனிக்கு வேறு சிம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு டவர் நிற்கிறது. ஒழுங்கை முழுக்க அந்த நெட்வேர்க்தான். நிமிர்ந்தால் டவர் தெரிகிறது, பிறகென்ன பயம்? அன்றைக்குக் கோயில் தேர். ஊரே தேருக்குப் போக, நான் மட்டும் வகுப்புக்காக வீட்டில் இருந்தேன். இருபது நிமிடம் நன்றாக ஓடியது. ஆரணி பூனையைத் தொடங்கும்போது அவளுடைய மைக்கில் மேளமும் நாதஸ்வரமும் கேட்டன. எங்கள் கோயில் சத்தம்தான் என் பக்கமாகப் போய்த் திரும்பி வருகிறதாக்கும் என்று எழுந்து யன்னலைச் சாத்தினேன். வந்து கையை நீட்டி "சொல்லம்மா" என்றேன். ஸ்டிக்கராகிவிட்டேன்.

ஆக, சபேசனின் மெசேஜுக்குப் பிறகு மூன்றாவது தடவையாக நெல்லியடிக்கு பஸ் ஏறினேன். போன் கடையில் இருந்த பிள்ளை என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"அம்மா, அன்லிமிட்டட் போடுங்கோவன். வட்ஸ்அப், பேஸ்புக், வீடியோ எல்லாம் முடியவே முடியாது."

"லப்டொப்பிலை வகுப்பு எடுக்கலாமோ?"

"அது... போனிலை மட்டும்தான் அம்மா. ஹொட்ஸ்பொட் போட்டு லப்டொப்புக்குக் குடுத்தால் ஓடாது."

"அப்ப என்னண்டு பிள்ளை அது அன்லிமிட்டட்?"

அவள் பாவம், போஸ்டரைப் பார்த்தாள். போஸ்டரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்ததைக் காட்டினாள். வீட்டில் இருந்து வேலை செய்பவர்களுக்கான பக்கேஜ். பெயரைக் கேட்கவே நன்றாக இருந்தது. பார்த்தால் குறிப்பிட்ட சில அப்களுக்கு மட்டும்தான். எங்கள் வகுப்பு நடக்கும் அப் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கும் அடுத்தது மாதம் முழுக்கப் படம் பார்த்தாலும் முடியாத அளவு. எனக்கு வேண்டியது கிழமைக்கு ஒரு மணித்தியாலம். இரண்டு பேருக்குச் சோறு காய்ச்சக் கல்யாண வீட்டுக் கிடாரத்தை வாங்கச் சொன்னால் என்ன செய்வது?

"சரி பிள்ளை, எங்கடை வீட்டு மேசையிலை, காலமை பத்து மணிக்கு, உதிலை எது வேலை செய்யும்?"

"அதை என்னண்டம்மா நான் சொல்லுறது?"

உண்மைதான். எத்தனை ஜிபி, எத்தனை நாள், எது இலவசம் எல்லாம் போஸ்டரில் இருக்கிறது. என் மேசையைப் பற்றி எந்தப் போஸ்டரிலும் இல்லை. வெறுங்கையோடு பஸ் ஏறினேன். ஆனால் தோற்றுப்போய் ஏறவில்லை – பஸ்ஸில் இருந்தபடியே வியாழக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை எங்கள் வீட்டில் தூள் வறுப்பு. முன்வீட்டுப் புஸ்பம் சபேசனின் சொந்த அக்கா. மெல்பேர்னுக்குப் போகும் ஒருவரிடம் தம்பிக்குக் கறித்தூள் கொடுத்துவிடப் போகிறார். பெரிய தாச்சி என் வீட்டில்தான் இருக்கிறது என்பதால் வறுப்பதும் இங்கேதான். மெல்பேர்னில் கடைகளில் தூள் இல்லையா? இருக்கிறதாம். ஆனால் சபேசனுக்கு அது 'சரிவராது'. தூள் மட்டும் உங்கையிருந்துதான் வரவேண்டும்!

காலை பத்து மணிக்குப் புஸ்பம் வந்தார். கடற்கரைப் பக்கத்து ராசமலர் வந்தார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். செத்தல் மிளகாயில் காம்பு நுள்ளக் குசினி வாசலில் உட்கார்ந்தார்கள். நான் கையை நீட்டினேன்.

"எல்லாரும் போனைத் தாங்கோ."

"ஐயோ ரீச்சர், பள்ளிக்கூடத்திலை பறிச்ச மாதிரிப் பறிக்கிறியள்!"

ஒவ்வொரு போனிலும் ஹொட்ஸ்பொட் போட்டேன். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு மேசை, விறாந்தை, அறை, குசினி என்று நடந்தேன். இவரை வாசல் படலையடியில் கதிரை போட்டு இருத்தி, கையில் போனைக் கொடுத்து, வீடியோ கோலில் வைத்திருந்தேன். "கேக்குதே?" என்று நான் உள்ளே இருந்து கத்த, "உறைஞ்சிட்டீர்!" என்று அவர் வெளியே இருந்து கத்த... வீதியால் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டவர் தெரிகிற நெட்வேர்க் மேசையில் தடுமாறியது. அடுத்தது அறைக்குள் நன்றாக இருந்து விறாந்தைக்கு வந்ததும் செத்தது. கடைசியாக ராசமலரின் போன். அதில் இருந்த நெட்வேர்க்கின் பெயரைக் கேட்டதும் மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள்.

"உதை இப்ப ஆர் பாவிக்கினம்?" என்றார் புஸ்பம்.

"சிரியுங்கோ, சிரியுங்கோ" என்றார் ராசமலர், காம்பு நுள்ளுவதை நிறுத்தாமல். "கடலுக்குப் போற ஆக்கள் எல்லாரும் உதுதான். எங்கடை அவர் கரை மறைஞ்ச பிறகும் எடுத்து, 'என்ன கறி?' எண்டு கேக்கிறவர்."

மேசையில் அதற்குச் சிக்னல் ஒரே ஒரு கோடு. விறாந்தையில் அதுவும் இல்லை. கடலைப் பார்த்த குசினி யன்னலில் வைத்தேன் – நாலு கோடு! அடுப்பில் மிளகாய் வறுபட, எல்லோரும் இருமித் தும்ம, கண்ணால் தண்ணீர் ஓட, "கேக்குதே?" என்றேன்.

"கேக்குது. தும்மினதும் வடிவாக் கேக்குது" என்றார் இவர் படலையடியில் இருந்து.

எனக்குக் கை தட்டவேண்டும் போல இருந்தது. அந்தச் சந்தோசத்தில், "அப்ப பின்னாலை நிக்கிற டவர் போன சனி ஏன் என்னைக் கைவிட்டது?" என்று பொதுவாகக் கேட்டேன்.

புஸ்பம் உடனே சொன்னார்: "அண்டைக்குத் தேரெல்லோ ரீச்சர். வீதியிலை நிண்ட அவ்வளவு பேரும் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டுதானே நிண்டவை. ஒராள் லண்டனுக்குக் காட்டுறார், ஒராள் கனடாவுக்குக் காட்டுறார். நானும் தம்பிக்குக் காட்டினனான். அவன் விடவேயில்லை. 'அக்கா, கிட்டப் போ, கிட்டப் போ' எண்டு, வசந்த மண்டபப் பூசையிலை இருந்து தேர் இருப்பிடத்துக்கு வருமட்டும் பாத்தவன்."

அகப்பையைக் கீழே வைத்தேன். ஆரணியின் மைக்கில் கேட்ட மேளம்!

மகள் அறைக்குள் இருந்து முதல் தடவையாகத் தமிழில் வாய் திறக்கிறாள். அப்பா ஹோலில் இருந்து எங்கள் ஊர்த் தேர் பார்க்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு டவர். ஊர் டவரின் நெட்டை எல்லாம் தேருக்காக இழுத்துக் குடித்துவிட்டு, 'உங்கை நெட் சரிவராது' என்று எனக்கே மெசேஜ்! தேர் பார்த்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஊரை விட்டுப் போனவனுக்கு அந்த ஒரு நாள்தானே? ஆனால் தேரை விட்டுவிட்டு வகுப்புக்கு இருந்தவள் நான். பழியும் எனக்கென்றால் நான் ஏன் வாங்கிக்கொள்ளவேண்டும்?

தூளுக்கு இன்னும் இரண்டு பிடி மிளகாய் கூடப் போட்டேன்.

பின்னேரமே நெல்லியடி. ராசமலரின் நெட்வேர்க்கில் சிம், அந்தக் கடையில் இருந்த ஆகச் சிறிய பக்கேஜ், எந்த நேரமும் பாவிக்கலாம், எந்த அப்புக்கும் ஓடும். கடைப்பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. "இலவசமா ஒண்டும் வராதம்மா" என்றாள். வேண்டாம் பிள்ளை. இலவசமாக வந்ததெல்லாம் போதும். டொங்கிளைக் கிரிக்கெட் ரசிகரின் கைக்கு எட்டாமல் அரிசிப் பானைக்குள் வைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. மேசையைக் குசினிக்கு இழுத்தேன். எனக்குப் பின்னால் தட்டு முழுக்கத் தூள் போத்தல்கள். மறைக்கவில்லை. ஏன் மறைக்கவேண்டும்? பத்து மணிக்குச் சரியாகப் பதினொரு முகங்கள் வந்தன. ஆரணியின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு சபேசனும் இருந்தார். பரிசோதகர்!

அரை மணித்தியாலம் ஓடியது. முக்கால் ஆனது. என் கண் அடிக்கொரு தடவை அந்தக் கோடுகளுக்குப் போய்வந்தது. நாலும் அசையவில்லை. பிறகு மெல்லக் கேட்டேன்.

"ஆரணி, அண்டைக்கு ஒரு பூனையைப் பற்றிச் சொன்னனீங்கள். மிச்சத்தைச் சொல்லுங்கோ."

அவள் அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எங்கடை வீட்டிலை ஒரு பூனை இருக்கு. அதுக்குத் தமிழ் தெரியாது. நான் சொல்லிக் குடுக்கிறன்."

அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். நல்ல காலம், குசினி என்பதால் மிளகாய் மேல் பழியைப் போட்டேன்.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனபிறகு சபேசன் முன்னுக்கு வந்தார். "ரீச்சர், இண்டைக்கு ஒருக்காலும் நிக்கேல்லை. உங்கை நெட்டைத் திருத்திப்போட்டினமோ?"

"இல்லைத் தம்பி. இண்டைக்கு நீர் தேர் பாக்கேல்லை."

திரையில் சபேசனின் வாய் திறந்தபடியே நின்றது. பழக்கதோசத்தில் கோடுகளைப் பார்த்தேன். நாலும் முழுதாக நின்றன. நெட் உறையவில்லை... ஆள்தான்!