நடுவில் ஒன்பது வருடம்

பள்ளிக்கூட அரங்கில் மூன்று பெண் மருத்துவர்களை மேடையேற்றியிருந்தார்கள். தாங்கள் வந்த பாதையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். முதலில் பேசிய இதய அறுவை நிபுணருக்குக் கைதட்டல் கூரையைப் பிளந்தது. அடுத்து வந்த குழந்தை மருத்துவர் சிரிக்க வைத்தே எல்லோரையும் மடக்கிப் போட்டுவிட்டார். மூன்றாவது ஆள், மயக்க மருந்து டாக்டர். இவர்களுக்குப் பிறகு நானா என்று, எழுதி வந்த காகிதத்தை அவர் இன்னொரு முறை புரட்டினார். போதாக்குறைக்கு நான்காவது வரிசையில் அவருடைய மகளே உட்கார்ந்திருந்தாள். "அம்மா, என்னைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசிடாத" என்று காலையிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஆசிரியை அறிமுகக் குறிப்பை வாசித்தார். படித்து முடித்த வருடம், மருத்துவமனையில் இருந்த வருடங்கள், இப்போதைய பதவி. முன்வரிசையில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண் விரல்விட்டுக் கணக்குப் போட்டுக் கையைத் தூக்கினாள்.

"மேடம், நடுவுல ஒன்பது வருஷம் இடிக்குதே?"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. ஆசிரியை முறைத்தார். டாக்டர் எழுதி வந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"வீட்டுல இருந்தேன். அங்க நான் தேவைப்பட்டேன். ஒரு வருஷம்னு நெனச்சுத்தான் லீவு போட்டேன். அது ஒன்பதா நீண்டுடுச்சு."

மருத்துவமனைக்குத் திரும்பிப் போன நாளையும் சொன்னார். முன்பு பயிற்சி மாணவியாக அவர் பின்னாலேயே நோட்டுப் புத்தகத்தோடு சுற்றிய பெண்தான் அப்போது துறைத் தலைவி. பழைய பழக்கத்தில் "நீ எப்படி இருக்க?" என்று வாய் தவறிக் கேட்டுவிட, நர்சுகள் திரும்பிப் பார்த்தார்கள். தலைவி அவரைத் தனியே அழைத்து, "அக்கா, வெளியில நீங்க எப்படி வேணா கூப்பிடுங்க. ஆபரேஷன் தியேட்டருக்குள்ள மட்டும் டாக்டர்னு சொல்லுங்க" என்றாள். நியாயம்தான். ஆனாலும் முகம் சுண்டிப்போயிற்று. கருவிகளெல்லாம் மாறியிருந்தன. மூன்று மாதம் கைகட்டி ஓரமாக நின்று, தன்னைவிடப் பத்து வயது இளையவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். தினமும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போய்வந்தார்.

பிறகு தனியாகப் பார்த்த முதல் நோயாளி ஒரு லாரி ஓட்டுநர். மலை மாதிரி ஆள், ஊசியைப் பார்த்து நடுங்கினார். "எத்தனை வருஷமா பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"பொய் சொல்லியிருக்கலாம்," என்றார் டாக்டர். "மனசு வரல. 'நடுவுல விட்டுட்டேன், இப்பத்தான் திரும்ப வந்திருக்கேன். ஆனா நீங்க கண் முழிக்கிற வரைக்கும் உங்க தலைமாட்டை விட்டு நகர மாட்டேன்'னு சொன்னேன். சரின்னு கண்ணை மூடிட்டார். ரெண்டு மணி நேரம் கழிச்சு முழிச்சதும் என்ன கேட்டார் தெரியுமா? 'எப்போ ஆரம்பிப்பீங்க?'"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்ணாடிக்காரி விடுவதாக இல்லை.

"வேலையை விட்டதுக்கு வருத்தம் இருக்கா மேடம்?"

டாக்டரின் பார்வை தன்னால் நான்காவது வரிசைக்குப் போயிற்று. மகள் குனியவில்லை, நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள். மழுப்ப நாக்கு வரவில்லை.

"சில நாள் இருக்கு. கூடப் படிச்சவங்களைப் பாக்கிறப்போ இருக்கு. ஆனா அதைவிட, 'இனிமே அவ்வளவுதான் நாம'ன்னு நானே முடிவு கட்டிட்டு உக்காந்திருந்தேனே, அந்தக் கடைசி மூணு வருஷத்துக்குத்தான் ரொம்ப வருத்தம். யாரும் என்னைத் தடுக்கல. பயம்தான்."

கைதட்டல் சுமாராகத்தான் வந்தது.

மாலையில் இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பாதி வழியில் மகள் கேட்டாள், "என்னாலதான விட்ட?"

"நீ ஏழாம் மாசத்துலயே பொறந்துட்ட. மூச்சு விடத் திணறுவ. உங்க அப்பா வேலை ஊர் ஊரா சுத்துற வேலை. வேற யாரு உன்னைப் பாத்துப்பா?"

"அப்ப வருத்தம்னு சொன்னது நிஜமா?"

"நிஜம்தான். உன்னைப் பாத்துக்கிட்டதுல வருத்தமே இல்ல. அதுவும் நிஜம்தான்."

மகள் அம்மாவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் டாக்டருக்குப் படிக்க மாட்டேன், தெரியும்ல?"

"உன்னை யாருடி கேட்டா?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பேருந்தில் ஒரே இருக்கைதான் காலியாக இருந்தது. மேடையில் நின்ற கால் என்று அம்மாவை அதில் உட்காரவைத்துவிட்டு, மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.