ரயில்வே சாரும் கடைசி கராச்சர்மா பஸ்ஸும்

சார் எங்கள் பஸ் டிப்போவுக்குக் கொண்டுவந்த முதல் பொருள் ஒரு சுவர்க்கடிகாரம். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். வந்த அன்றே ஏணி போட்டு ஏறி, வாசலுக்கு மேல் தானே மாட்டினார். ரயிலே இல்லாத எங்கள் தீவுக்கு ஒரு ரயில்வேக்காரரை அனுப்பியிருக்கிறார்களே என்று டிரைவர்கள் டீக்கடையில் சிரித்துத் தீர்த்தார்கள். நானும்தான் சிரித்தேன். இதே ஊரில் லம்பா லைன் பகுதியில் பிறந்து வளர்ந்தவள் நான். பொறியியல் படிக்க மெயின்லேண்டுக்குப் போனபோதுதான் ரயிலையே நேரில் பார்த்தேன். படிப்பு முடிந்து திரும்பி வந்து, டவுன் பஸ்களைப் பார்த்துக்கொள்ளும் உதவிப் பொறியாளர் ஆனேன். பாதி ஆயுளை ரயில்வேயில் கழித்துவிட்டு டெபுடேஷனில் வந்த அவர் எனக்கு மேலதிகாரி.

நல்ல மனிதர். பிரேக் சரியில்லாத பஸ்ஸை யார் சிபாரிசு செய்தாலும் வெளியே விடமாட்டார். ஆனால் நேரம் என்று வந்துவிட்டால் ஆளே வேறு. "நேரத்துக்குக் கிளம்பலைன்னா அது வண்டியே இல்லம்மா" என்பார். அவர் வந்த சில வாரங்களில் ஊர் நடுவே இருக்கும் அபர்டீன் பஜாரிலிருந்து கிளம்பும் பஸ்களெல்லாம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பின. பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆபீஸ் போகிறவர்களுக்கும் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள்.

சிக்கல் கடைசி கராச்சர்மா பஸ்ஸில் வந்தது. அது படகுத்துறையிலிருந்து ஊருக்கு வெளியே இருக்கும் கராச்சர்மாவுக்குக் கிளம்பும். நீல், ஹேவ்லாக் தீவுகளிலிருந்து மாலைப் படகில் வருகிறவர்களுக்கு வீடு போக அதை விட்டால் வேறு வழியில்லை. படகு தாமதமானால் பஸ் நிற்கும். யாரும் உத்தரவு போட்டு வந்த வழக்கமல்ல அது. கடல் கொஞ்சம் முறைத்துக்கொண்டால் படகு எப்போது வருமென்று யாருக்குத் தெரியும்? அதனால் நிற்கும், அவ்வளவுதான். சாருக்கு அது சுத்த ஒழுங்கீனமாகப் பட்டது. அந்த பஸ்ஸின் டிரைவரைக் கூப்பிட்டு எச்சரித்தார். பிறகு என்னிடம், "இன்னொரு தடவை நின்னா சஸ்பெண்ட். நோட் நீதாம்மா போடணும்" என்றார். படகில் வருகிறவர்களைப் பற்றி நான் வாயெடுத்ததுமே, "அவங்களுக்காக நின்னா, அடுத்த ஸ்டாப்புல நிக்கிறவன் கதி என்னம்மா?" என்று கேட்டார். 

டிரைவருடையது மூன்று தலைமுறையாகத் தீவிலேயே இருக்கும் குடும்பம். அவருடைய மகள் அந்த வருடம்தான் நர்சிங் படிக்க மெயின்லேண்டுக்குப் போயிருந்தாள். தயவுசெய்து நேரத்துக்கு எடுத்துவிடுங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். "டீக் ஹை மேடம், எடுத்துடறேன்" என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

அடுத்த வாரம் நீல் தீவில் புதிய பஸ் நிறுத்தத்துக்கு இடம் பார்க்க சாரும் நானும் போனோம். திரும்பும்போது கடல் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பாதிப் பேருக்கு வாந்தி. சார் ஒரு பிளாஸ்டிக் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். எங்கள் ஊரில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். பஸ் கிளம்ப வேண்டிய நேரம் நடுக்கடலிலேயே தாண்டிப்போனது. எதிர் இருக்கையில் கைக்குழந்தையோடு இருந்த பெங்காலிப் பெண், "கராச்சர்மா பஸ் ருகேகா நா, தீதி?" என்றாள். பஸ் நிற்கும்தானே என்று கேட்கிறாள். நின்றால் டிரைவருக்கு வேலை போகும். நிற்காவிட்டால் இவள் குழந்தையோடு இருட்டில் எங்கே போவாள்? எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

படகுத்துறையில் பஸ் இல்லை. மழை கொட்டியது. ஆட்டோ ஒன்றுகூட இல்லை. கயிறு கட்டிக்கொண்டிருந்த படகுக்காரர் ஒருவர், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சாரிடமே சொன்னார்: "பஸ் போயிடுச்சு சார். நயா சாஹிப் ஆர்டராம், புதுசா வந்த ஆபீசராம்." சார் நனைந்துகொண்டு நின்றார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நல்லா வேணும் என்றும் இருந்தது.

அப்போது திருப்பத்தில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. கடைசி கராச்சர்மா பஸ் மெதுவாக உள்ளே வந்து நின்றது. இறங்கிய டிரைவர் சாரைப் பார்த்ததும் விறைத்துப்போனார்.

"சார், பக்கா டயத்துக்கு எடுத்துட்டேன். துறை கேட்ல கேட்டுப் பாருங்க."

"அப்புறம் இங்க என்னய்யா பண்றே?"

"பஜார் வரைக்கும் போனேன் சார். வண்டி காலி. காலி வண்டியைக் கராச்சர்மா கொண்டுபோய் என்ன பண்றது, க்யா கரூங்கா? அதான் திருப்பிட்டேன். திரும்பி வரக்கூடாதுன்னு ஆர்டர்ல இல்லையே சார்."

போச்சு, தொலைந்தார் என்று நினைத்தேன். சார் அவரையும், முந்தானைக்குள் குழந்தையை மூடிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். "முதல்ல ஆளுங்களை ஏத்துய்யா" என்றார்.

சாரும் நானும் அதிலேயே ஏறிக்கொண்டோம். லம்பா லைன் நெருங்கும்போதுதான் என் பக்கம் திரும்பினார். "நான் ஒரு சின்ன ஜங்ஷன்ல வேலை பார்த்தேம்மா. மெயில் வண்டி லேட்டானா கிளை லைன் வண்டியை நிறுத்தி வைப்போம். கனெக்‌ஷன் வண்டி. அப்படி நிறுத்துறதுக்கு ரூலே உண்டு. இதுவும் கனெக்‌ஷன் வண்டிதான்னு ஒருத்தராவது எங்கிட்ட சொன்னீங்களா?"

"எங்களுக்கு ரயிலைப் பத்தி என்ன சார் தெரியும்?" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. சஸ்பெண்ட் நோட் எழுத வேண்டாம் என்பதே பெரிய சந்தோஷம். வீட்டுக்குப் போய்த் தலையைத் துவட்டிக்கொண்டே அம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொல்லி வாய்விட்டுச் சிரித்தேன்.

மறுவாரமே சார் கால அட்டவணையைத் திருத்தினார். கடைசி கராச்சர்மா பஸ்ஸுக்கு மட்டும் மணி கிடையாது, 'படகு வந்த பின்' என்றுதான் இருக்கும். இன்று அவர் உட்கார்ந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பஸ்கள் மின்சாரத்தில் ஓடுகின்றன, அவை எங்கே நிற்கின்றன என்பது போனிலேயே தெரிகிறது. மெயின்லேண்டிலிருந்து வரும் புதிய பொறியாளர்கள் அந்த வரியைப் பார்த்துவிட்டு, மணியைக் காணோமே என்று கேட்கிறார்கள். கனெக்‌ஷன் வண்டி என்கிறேன்.

சார் மாற்றலாகிப் போன நாளில் வழியனுப்ப டிப்போவில் பாதிப் பேர் கப்பல்துறைக்குப் போயிருந்தோம். எங்களைக் கொண்டுவந்து விட்டது அதே டிரைவர்தான். கப்பல் கிளம்புவதாகச் சொன்ன நேரம் எப்போதோ தாண்டிவிட்டது, பஸ் டிப்போவுக்குத் திரும்ப வேண்டிய நேரமும்தான். சாருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கப்பலின் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக் குனிந்து, கீழே நின்ற டிரைவரைப் பார்த்துக் கத்தினார்: "யோவ், டயமாச்சு! வண்டியை எடுய்யா!"

டிரைவர் பஸ்ஸில் சாய்ந்தபடி கையை ஆட்டினார். "நீங்க கிளம்புங்க சார், அப்புறம் எடுக்கிறேன்!"