பொன்னாடைகளுக்குப் பிறகு ஒரு நாடகம்

குளிர் இறங்குவதற்குள் எல்லாவற்றையும் நடத்தி முடித்துவிட வேண்டும் என்று ரொறன்ரோவில் எங்கள் ஆட்களுக்கு ஓர் அவசரம். செப்டெம்பர் பிறந்தால் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஏதாவதொரு மண்டபத்தில் கலைவிழா. இரண்டு வருடங்களுக்கு முன் அப்படியொரு விழாவில் என் நாடகத்துக்கும் நாற்பது நிமிடம் தந்தார்கள்.

நடிப்பவர்கள் இரண்டே பேர். விற்ற வீட்டைக் காலிசெய்யும் தாயும் மகளும் பெட்டி கட்டிக்கொண்டே சண்டை பிடிப்பதுதான் கதை. மகளாக யூனியன்வில்லில் இருந்து ஒரு பிள்ளை, இங்கேயே பிறந்தவள். தாயாக ஒஷாவாவில் இருந்து ஓர் அன்ரி. அறுபது தாண்டி முதல்தடவையாக மேடை ஏறப்போகிறவர். வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் என் பேஸ்மெண்டுக்கு வந்தார். கடைசிக் காட்சியில், அந்த வீடு தனக்கு ஒருநாளும் பிடிக்கவில்லை என்று தாய் சொல்லுவாள். அது அவருக்கு வர ஏழு ஞாயிறு எடுத்தது. வந்த அன்று மகளாக நடித்த பிள்ளை தன் வசனத்தையே மறந்துபோனாள்.

விழா இரண்டு மணிக்கு என்று அழைப்பிதழ் சொன்னது. இரண்டு மணிக்கு மண்டபத்தில் நாங்களும் ஒலிவாங்கி பூட்டுகிறவரும்தான். விளக்கேற்றும்போது மூன்றரை. பிறகு தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை. பேசியவருக்கெல்லாம் பொன்னாடை. போர்த்தியவருக்கும் பிறகு ஒன்று. நான் மேடையின் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

விழா நடத்துகிற அண்ணை வியர்த்து விறுவிறுக்க வந்தார்.

"தங்கச்சி, நேரம் போட்டுது. பதினைஞ்சு நிமிசத்தில முடியுங்கோ."

"அண்ணை, நாற்பது நிமிச நாடகத்தை எப்பிடிப் பதினைஞ்சு நிமிசத்தில முடிக்கிறது?"

"கெதியாக் கதைக்கச் சொல்லுங்கோ."

பகிடி என்று நினைத்தேன். சொன்னபடியே பதினைந்தாவது நிமிடம், அன்ரி ஒரு வசனத்தின் பாதியில் நிற்கும்போது, திரை மூடியது. அறிவிப்பாளர் "அற்புதமான நாடகம்" என்றார். எங்கள் மூவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள்.

அன்ரி அதை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "பிள்ளை, மிச்சத்தை எங்க செய்யிறது?"

"மிச்சமோ? முடிஞ்சுது அன்ரி. வாங்கோ போவம்."

"எனக்கு முடியேல்லை."

நாடகத்தில் கட்டிக்கொண்டிருந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே போனார். அங்கே தேத்தண்ணிக்கு வரிசை நின்றது. மேசைக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து, விட்ட வசனத்தில் இருந்து தொடங்கினார். மகளாக நடித்த பிள்ளை என்னைப் பார்த்தாள். "ஓ மை கோட்" என்றுவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள்.

வரிசை மெல்ல மெல்ல வட்டமானது. நடுவில் ஒருவர், "சீனி எங்க இருக்கு?" என்று கேட்டார். அன்ரி தாயின் எரிச்சல் குறையாமலே, "உதில, உங்கட கைக்குப் பக்கத்தில!" என்று காட்டிவிட்டு மகளிடம் திரும்பினார். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுவும் நாடகம் என்று நினைத்திருக்க வேண்டும். கடைசிக் காட்சி வந்தபோது, முன்னால் நின்ற ஒரு பெண் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

கைதட்டல் ஓயவில்லை, அண்ணை வந்துவிட்டார். "என்ன தங்கச்சி, சனத்தை வெளியில மறிச்சு வைச்சிருக்கிறியள்? உள்ள நன்றியுரைக்கு ஆளில்லை!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "பிழைதான் அண்ணை" என்று என் வாயில் இருந்து வந்ததை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியாது.

அன்ரியை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். அண்ணைக்குச் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டே கார் ஓடினேன். ஒஷாவா நெருங்கும்போது, "நான் சொல்லுறது சரிதானே அன்ரி?" என்று திரும்பினேன்.

முகப்பூச்சுக்கூடக் கலையாமல், வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை.